சிம்ஸ் விளையாட்டில் ஒரு ஜார்ஜியன் மாளிகை

மாணவர்களே, ‘தி சிம்ஸ் 4’ கணினி விளையாட்டில் ஆங்கிலேய மாளிகை கட்ட ஆசையா? 1714 முதல் 1830 வரை பிரிட்டனை அடுத்தடுத்து ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களின் காலத்துப் பாணிதான் ஜார்ஜியன். அதில் இறங்குமுன் ஒரு கேள்வி: முகப்பின் அகலம் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?

விளையாட்டில் நிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஜார்ஜியன் முகப்பை நடுவில் மடித்தால் இரு பாதியும் பொருந்த வேண்டும். வாசல் அந்த நடுக்கோட்டில் வரும். முகப்பு 14 கட்டம், கதவு 1 கட்டம் என்றால் மீதி 13. இரு பக்கமும் ஆறரை வேண்டும். சுவர் அரைக் கட்டத்தில் நிற்காது. 15 கட்டம் எடுத்தால் பக்கத்துக்கு 7. கதவு 2 கட்டம் என்றால் இரட்டைப்படை அகலமே சரி.

அடுத்தது சன்னல். பலர் எல்லா மாடிக்கும் ஒரே சன்னலை வைத்துவிடுகிறார்கள். மாளிகை விடுதிக் கட்டடம் போலாகிவிடுகிறது. அசலில் அகலம் மாறாது, உயரம்தான் மாறும். விருந்தினரை வரவேற்கும் மாடியில் உயரம் அகலத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேலையாட்கள் தங்கிய மேல்மாடியில் கூரை தாழ்வு. சன்னல் கிட்டத்தட்டச் சதுரம்.

சன்னலில் ஏன் இத்தனை சிறு கண்ணாடிகள்? அழகுக்கு மட்டுமல்ல. உருகிய கண்ணாடியை ஊதி, வேகமாகச் சுழற்றித் தட்டாக விரிப்பார்கள். தட்டின் நடுவில் தடித்த குமிழ் இருக்கும். அதைத் தவிர்த்து வெட்டினால் சிறு துண்டுகளே கிடைக்கும்.

அந்தச் சன்னல் மேலும் கீழும் நகரும். 12 கிலோ சட்டத்தை ஒரு விரலால் தள்ள முடியுமா? முடியும்! மரச்சட்டத்தின் இரு பக்கக் கூட்டுக்குள்ளும் கப்பி வழியாகக் கயிற்றில் 6 கிலோ எடை ஒன்று தொங்கும். இரண்டும் சேர்ந்து சட்டத்தின் எடைக்கு ஈடாவதால், உராய்வை மட்டும் வென்றால் போதும். நம் அடுக்குமாடி மின்தூக்கியிலும் எதிர் எடை இப்படித்தான் வேலை செய்கிறது.

சில பழைய வீடுகளில் சன்னல் இடம் செங்கல்லால் அடைபட்டிருக்கும். 1696 முதல் 1851 வரை சன்னல்களை எண்ணி வரி வாங்கியதால் அடைத்தவர்கள் உண்டு. ஆனால் எல்லாமே வரிக்காக அல்ல. உள்ளே தடுப்புச் சுவரோ புகைபோக்கியோ வரும் இடத்தில், முகப்பின் சமச்சீருக்காகத் தொடக்கத்திலேயே பொய்ச் சன்னலாகக் கட்டியவையும் உண்டு.

உங்கள் மாளிகையிலும் சன்னல் வரவேண்டிய இடத்தில் ஒரு தடுப்புச் சுவர் வந்து முட்டும். அப்போது சன்னலைத் தொடாதீர்கள். சுவரை ஒரு கட்டம் தள்ளிப் போடுங்கள்.