இடவப்பாதி மழையும் நல்லமிளகும்: மிதுன மாத வேலைகள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களிலும், கிழக்கே வெள்ளறடை, அம்பூரி மலைச்சரிவுகளிலும் நல்லமிளகு தளிர்விடும் காலம் இது. இங்குள்ள சிறு விளைகளுக்குப் பொருந்துவது மிளகுதான். மே, ஜூனில் 20 நாளுக்குள் சுமார் 70 மி.மீ. மழை கிடைத்தால் கொடி தளிர்த்துத் திரி விடும். அதன்பின் காய் முற்றும்வரை ஈரம் அறுபடக்கூடாது. வடகேரளத்தைவிட இங்கே மழை குறைவு என்பதால், கர்க்கடகத்தில் மழை விட்டுப்போனால் தூருக்குத் தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும்.

புதுக்கொடி நடுவதற்கு முன் பழைய கொடியைக் காப்பாற்றுவதே முதல் வேலை. பைட்டோப்தோரா என்ற கிருமி தரும் வாட்டம் தூரில் பிடித்துவிட்டால், இயற்கை முறையில் மட்டுமல்ல, எந்த முறையிலும் கொடி பிழைப்பது அரிது. தரையில் படர்ந்த ஓடுகொடியின் இலையில்தான் அது முதலில் தெரியும்: கரும்புள்ளி, அதன் விளிம்பில் நார்நாராகப் பிரிந்த ஓரம். மண்ணிலிருந்து தெறிக்கும் மழைத்துளி நோயை மேலே ஏற்றுகிறது. ஆகவே ஓடுகொடிகளை மரத்தோடு சேர்த்துக் கட்டவேண்டும், அல்லது வெட்டிவிடவேண்டும். தூரில் சருகு மூடாக்கு இடவேண்டும். தண்ணீர் தேங்காதபடி சால் வெட்டலாம். தூரைக் கிளறினால் வேர் அறும். தாங்குமரத்தின் கிளைகளைக் கழித்தால் வெளிச்சம் விழும். பட்ட கொடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடவேண்டும்.

இந்த நோயை எதிர்க்க டிரைக்கோடெர்மா என்ற நன்மைப் பூஞ்சை உதவும். அதில் ஒரு கிலோவை 90 கிலோ உலர்ந்த சாணம், 10 கிலோ வேப்பம்பிண்ணாக்குடன் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் இரு வாரம் மூடிவைத்தால் பூஞ்சை பெருகும். பின்பு அதைத் தூரில் இடலாம். டிரைக்கோடெர்மா கிடைக்குமா என்று கிருஷி பவனில் விசாரிக்கலாம்.

வாட்டம் வராமல் தெளிக்கும் ஒரு சதவீத போர்டோ கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டரிலும், ஒரு கிலோ சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்புநீரில் ஊற்றிக் கலக்கவேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியை முக்கி எடுத்தால் செம்பு படிகிறதா? இன்னும் சுண்ணாம்பு வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிடவேண்டும். செம்பு டிரைக்கோடெர்மாவையும் கொல்லும், அதனால் இரண்டையும் ஒரேசமயத்தில் இடக்கூடாது. அங்கக விளைச்சலுக்குச் சான்று பெறுவோர் செம்பு மருந்துக்கு முன்கூட்டியே அனுமதி கேட்கவேண்டும்.

புதிதாக நடுவதற்குத் திருவாதிரை ஞாற்றுவேலை, அதாவது ஜூன் கடைசி வாரமும் ஜூலை முதல் வாரமும், இன்றும் நல்ல கணக்குதான். வேர்விட்ட கன்றுகளைத் தாங்குமரத்தின் வடபுறம் நடவேண்டும். கோடை வெயில் நேராகச் சுடாது. மேற்கு பார்த்த சரிவு வேண்டாம். நிழல் கூடிய விளைக்குக் கரிமுண்டா ஏற்றது. 1971-இல் வெளிவந்த பன்னியூர்-1 வெளிச்சம் இல்லாமல் காய்க்காது. தாங்குமரமாக முருக்கை நம்பவேண்டாம்: 2000-களின் நடுவில் வந்த குளவி அதை ஊரூராக அழித்தது. பலா, கமுகு, சீமைக்கொன்றை போதும்.