தென்கடல் உயிர்களும் நாடுகளின் உடன்பாடும்

உலகின் தென்கோடியில் பனி மூடிக் கிடக்கும் அண்டார்க்டிக் கடலுக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர்க்கு, நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறிவிடுகிறோம். மூட்டு வலிக்கு நல்லது என்று அயல்நாட்டில் வாழும் உறவினர் ஒருவர் ஒரு புட்டி மாத்திரை அனுப்பியிருந்தார். சிவந்த, மென்மையான மாத்திரைகள். நாளுக்கு ஒன்றாக நாற்பது நாள் உட்கொண்டோம். பின்னர் ஒருநாள் மூக்குக் கண்ணாடியை அணிந்து புட்டியின் மேலிருந்த சிறிய எழுத்துகளைப் படித்தபோதுதான், அது கிரில் எனும் கடலுயிரிலிருந்து எடுத்த எண்ணெய் என்பது புலனாயிற்று. குடிநீரையும் துணியில் வடிகட்டிப் பருகும் குடியில் பிறந்து எழுபது ஆண்டுகளைக் கடந்த நமக்கு அன்று உணவு இறங்கவில்லை. அன்போடு அனுப்பியவரை நோவதா, படியாமல் விழுங்கிய நம்மை நோவதா? அன்று முதல் அந்தச் சிற்றுயிரைப் பற்றித் தேடிப் படிக்கலானோம்.

கிரில் இறாலுக்கு உறவான உயிர். சந்தையில் கூனி என்று விற்கப்படுகிறதே, பார்வைக்கு ஏறக்குறைய அதுபோல் இருக்கும். தென்கடலில் வாழும் வகை 6 சென்டிமீட்டர் வரை வளரும். உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்த தொல்காப்பியர் நண்டை நான்கறிவு உடையவற்றுள் வைத்தார். நண்டின் சுற்றமாகிய கிரிலுக்கும் அவ்விடமே பொருந்தும் என்பது நம் கருத்து. கடற்பனியின் அடிப்பாகத்தில் படரும் பாசியே கிரில் குஞ்சுகளுக்குக் குளிர்கால உணவு. அண்டார்க்டிக் கிரில் முழுவதையும் நிறுத்தால் 30 கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்று அறிஞர் மதிப்பிட்டுள்ளனர். பென்குவின், சீல், கடற்பறவை, மீன், உலகிலேயே பெரிய உயிராகிய நீலத்திமிங்கிலம் ஆகிய அனைத்தும் இதனை நம்பியே வாழ்கின்றன. விரல் நீளம்கூட இல்லாத ஓர் உயிரின் மேல் அக்கடல் முழுவதும் நிற்கிறது எனலாம்.

மனிதன் அங்கே முதலில் தேடிச் சென்றது சீலை; அதன்பின் திமிங்கிலத்தை. 20ஆம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. பின்னர் மீன்பிடிக் கப்பல்கள் வந்தன. தென் ஜார்ஜியா தீவைச் சுற்றி 1969-70ஆம் பருவத்தில் ஒரே மீன் இனத்தில் சுமார் 4 லட்சம் டன் வாரப்பட்டது. அடுத்த பருவத்தில் அதில் நான்கில் ஒரு பங்குதான் கிடைத்தது. அதன்பின் கப்பல்களின் கண் கிரிலின்மேல் விழுந்தது. அடித்தளக் கல்லையே உருவத் தொடங்கினால் என்னவாகும் என்ற அச்சமே நாடுகளை ஒன்றுகூட்டியது.

ஆசிரியர் பயிற்சியில் நமக்குக் கற்பித்த முதற் பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு மாணவரை அழைத்துச் செல்க என்பது. ஆகவே நம் பள்ளத்தாக்கிலிருந்தே தொடங்குவோம். மேற்கே ஓடும் பெரியாற்றின் நீரைத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினர். இதற்கு 1886இல் 999 ஆண்டுகளுக்குக் குத்தகை உடன்பாடு எழுதப்பட்டது. 1895இல் அணை முடிந்தது. இங்குள்ள 14,707 ஏக்கர் இருபோக நிலமும் அந்த உடன்பாட்டால் விளைகிறது. ஊருக்குள் வந்தால் முறைநீர். தலைமடைக்காரர் தம் முறை முடிந்ததும் மடையை அடைத்தால்தான் கடைமடைக்காரருக்கு நீர் எட்டும். அடைக்காவிட்டால் கேட்பதற்கு நீர்ப்பாய்ச்சி உண்டு, ஊர்ப் பெரியவர் உண்டு, அரசு உண்டு. தென்கடலில் இவர்களில் ஒருவரும் இல்லை. அண்டார்க்டிக் நிலத்துக்கு 7 நாடுகள் உரிமை கோரின. 12 நாடுகள் 1959இல் கையொப்பமிட்ட அண்டார்க்டிக் உடன்படிக்கை அக்கோரிக்கைகளை அப்படியே நிறுத்தி வைத்தது. உரிமையாளர் இல்லாத கடலில் மடையை யார் அடைப்பது?

அதற்கான விடையாக 1980 மே மாதம் கான்பெராவில் எழுந்ததே அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு உடன்படிக்கை. 1982 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. இதன் சிறப்பு யாதெனில், பிடிபடும் உயிரை மட்டும் எண்ணாமல் அதனை உண்டு வாழும் உயிர்களையும் சேர்த்து எண்ணியதாகும். இத்தனை டன் பிடித்தால் கிரில் அழியாது என்பது போதாது. அதே அளவால் பென்குவின் குஞ்சு பட்டினி கிடக்குமா என்றும் பார்த்தாக வேண்டும். இருபது முப்பது ஆண்டுகளில் மீளாத மாற்றத்தை உண்டாக்கும் செயல் கூடாது என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. இதற்கென அமைந்த ஆணையத்தின் தலைமையகம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தையும் சேர்த்து 27 உறுப்பினர். ஒருவரும் மறுக்காமல் இருந்தால்தான் எந்த முடிவும் நிறைவேறும்.

உத்தமபாளையத்துப் பாறையில் நம் முன்னோர் செதுக்குவித்த தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிக்கச் சென்றிருந்தபோது இதனைப் பேத்திக்கு விளக்கினோம். அவள், "ஒரே ஒரு நாடு வேண்டாம்னு சொன்னா மத்தவங்க எல்லாரும் ஏன் பாட்டி அதைக் கேக்கணும்?" என்றாள். நல்ல வினா. வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் கை தூக்கினால்தான் சுற்றுலா என்றால் எந்தப் பள்ளியும் வாயிலைத் தாண்டாது. ஆனால் மறுபக்கமும் உண்டு. திமிங்கிலங்களுக்கென 1946இல் செய்த உடன்படிக்கையில் முக்கிய முடிவுகளுக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு போதும். அவ்வாறே 1982இல் வணிக வேட்டைக்குத் தடை விதித்தனர். 1994இல் தென்கடலைத் திமிங்கிலச் சரணாலயம் ஆக்கினர். வாக்கில் தோற்ற ஜப்பான் நெடுநாள் முரண்பட்டு நின்று, 2019இல் வெளியேறித் தன் கடலில் வேட்டையைத் தொடங்கியது. தென்கடலுக்குச் செல்வதை அத்துடன் நிறுத்திக்கொண்டது என்பது ஓர் ஆறுதல். வெளியேறியவரைப் பிடித்து இழுக்கக் கயிறு இல்லை. எல்லாரும் ஒப்பிய விதியையோ ஒருவரும் என்னுடையதன்று என்று கூற இயலாது.

அப்படி ஒப்பிய விதிகள் பயன் தந்துள்ளன. தூண்டில் கயிறுகளில் சிக்கி ஆயிரக்கணக்கில் மாண்ட அல்பட்ராஸ் பறவைகள், கயிற்றை இரவில் இறக்குக, எடை கட்டுக, பறவைகளை விரட்டும் தோரணம் தொங்கவிடுக என்னும் எளிய விதிகளால் தென் ஜார்ஜியாப் பகுதியில் பெரும்பாலும் தப்பின. திருட்டுக் கப்பல்களும் துரத்தப்பட்டன. 2003இல் வியார்சா என்னும் கப்பலை ஆஸ்திரேலியக் காவற்கப்பல் 21 நாள் தொடர்ந்து விரட்டிச் சென்றது. தென்னாப்பிரிக்காவும் பிரிட்டனும் துணை நின்று பிடித்தன. வழக்கில் மாலுமிகள் விடுதலையாயினர் என்பதைப் படித்தபோது நமக்குச் சலிப்பே தோன்றியது.

எல்லாவற்றிலும் பெரிய வெற்றி 2016 அக்டோபரில் கிட்டியது. ராஸ் கடலில் 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு, ஐந்தாண்டுகால வாதத்திற்குப் பின், பாதுகாக்கப்பட்ட பகுதியாக ஏற்கப்பட்டது. அதில் பெரும்பகுதியில் மீன்பிடிப்பே கூடாது. இவ்வேற்பாட்டின் காலம் 35 ஆண்டு. கிழக்கு அண்டார்க்டிக், வெடல் கடல், அண்டார்க்டிக் தீபகற்பம் ஆகியவற்றுக்கும் இத்தகைய காப்பு வேண்டுமென்ற முன்மொழிவுகள் ரஷ்யாவும் சீனமும் உடன்படாமையால் நிறைவேறவில்லை. 2024இல் இன்னொரு பின்னடைவு. கிரில் பிடிப்பு ஒரே இடத்தில் குவியாதவாறு பகுதி பகுதியாகப் பங்கிட்டிருந்த விதி புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. விளைவு உடனே தெரிந்தது. 2025ஆம் பருவத்தில் கப்பல்கள் பென்குவின்கள் இரை தேடும் பகுதிகளில் நெருங்கி வாரின. ஆண்டெல்லையான 6,20,000 டன் முதன்முறையாக எட்டப்பட்டு, ஆகஸ்ட் மாதத்திலேயே பிடிப்பு நிறுத்தப்பட்டது. வாரியதில் மிகுதி பண்ணை மீன்களுக்குத் தீவனமாகிறது. ஒரு பகுதி எண்ணெயாகி, நமக்கு வந்தது போன்ற புட்டிகளில் அடைபடுகிறது.

இந்த அவையில் பாரதத்துக்கும் இடம் உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். டாக்டர் காசிம் தலைமையில் சென்ற முதற் குழு 1982 ஜனவரியில் அண்டார்க்டிக் கரையில் இறங்கியது. 1983இல் அண்டார்க்டிக் உடன்படிக்கையிலும், 1985இல் கடலுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையிலும் நம் நாடு சேர்ந்தது. அடுத்த ஆண்டே ஆணையத்தில் முழு உறுப்பினர் ஆயிற்று. இன்று மைத்ரி, பாரதி ஆகிய இரு நிலையங்கள் அங்கே இயங்குகின்றன. 1995-96இல் சாகர் சம்பதா கப்பல் கிரிலை ஆராயவே தென்கடல் சென்றது. கிழக்கு அண்டார்க்டிக், வெடல் கடல் முன்மொழிவுகளை 2021இல் இந்தியா ஆதரித்தது. 2022இல் நாடாளுமன்றம் அண்டார்க்டிக் சட்டம் இயற்றியது. 2024 மே மாதம் அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகள் நமக்கு அடுத்த கேரளத்தில், கொச்சியிலேயே கூடின. குமுளி மலையேறினால் ஒரு பகற்பயணம். செய்தியை நாம் பிந்தியே படித்தோம்.

வடதுருவத்தில் வேறோர் ஏற்பாடு. ஆர்க்டிக் நடுக்கடலில் பனி உருகி வழி திறக்கும் நிலையில், வணிக மீன்பிடிப்பு தொடங்கும் முன்னரே 9 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் 2018இல் கையொப்பமிட்டு 28 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடி வைத்தன. 2021இல் நடைமுறைக்கு வந்த இவ்வுடன்பாட்டின் முதற்காலம் 16 ஆண்டு. ரஷ்யா, சீனம், அமெரிக்கா மூன்றும் இதில் ஒன்றாக உள்ளன. வலை வீசிப் பழகிய பின் நிறுத்துவதைவிட, வீசுமுன் நிறுத்துவது எளிதாயிற்று போலும்.

பெற்றோர் உலக உருண்டையைச் சுழற்றிப் பிள்ளைகளை ஹோபார்ட்டைத் தேடச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கீழே, டாஸ்மேனியாத் தீவில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஆணையம் அங்கே கூடும். அந்த மாதச் செய்தித்தாளில் இரண்டு வரி வந்தாலும் வெட்டி ஒட்டி வைக்கட்டும். வீட்டில் ஒமேகா-3 புட்டி இருப்பின் அதன் சிறிய எழுத்தையும் அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கண்ணாடி வேண்டியதில்லை.