உலோகம் நீக்கும் மருந்தும் சத்து மருந்தும்: பெற்றோர் முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

பேச்சுத் தாமதமாகும் குழந்தை, சிறு ஓசைக்கும் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தை, நான்கைந்து உணவுகளைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத குழந்தை: இத்தகைய குழந்தைகளின் பெற்றோர் புறநோயாளர் பிரிவில் இரண்டு கேள்விகளை அடிக்கடி எழுப்புகின்றனர். "உடலில் சேர்ந்த உலோக நச்சை எடுத்துவிட்டால் பிள்ளை பேசுவானா?" என்பது ஒன்று. "சத்து மருந்துதானே, கொடுத்துப் பார்த்தால் என்ன கெடுதல்?" என்பது மற்றொன்று. இரண்டுமே அக்கறையில் பிறந்த கேள்விகள். அவற்றிற்கு உரிய விடையை இக்கட்டுரை விளக்குகிறது.

கீலேஷன் என்பது யாது?

நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது 'கீலேஷன்' என்னும் பெயர். சில வேதிப்பொருள்கள் இரத்தத்தில் உள்ள உலோக அணுவைக் கொடுக்கினால் கவ்வுவது போலப் பற்றிச் சிறுநீர் வழியாகவோ மலத்தின் வழியாகவோ வெளியேற்றுகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆர்சனிக் கலந்த நச்சு வாயுவுக்கு மாற்று மருந்தாக ஆக்ஸ்போர்டில் உருவாக்கப்பட்ட மருந்தே இவ்வகையில் முன்னோடி.

இது மருத்துவத்தில் உறுதியான இடம் பெற்ற சிகிச்சை. தலசீமியா நோயாளிகளின் உடலில் மிகும் இரும்பையும், வில்சன் நோயில் மிகும் செம்பையும் நீக்க இதுவே துணை. அந்நோய்களுக்காக இம்மருந்து பெறும் குழந்தைகளின் பெற்றோர், இக்கட்டுரையைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடலாகாது.

காரீய நச்சிலும் இதற்குப் பங்குண்டு. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் காரீயம் 45 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருக்கும் குழந்தைகளுக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. அதற்குக் குறைந்த அளவுகளில் முதன்மையான சிகிச்சை, காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து அதை அகற்றுவதே. அமெரிக்காவில் 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை காரீயம் இருந்த 780 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2001-இல் வெளியானது. சக்சிமர் என்னும் கீலேஷன் மருந்து இரத்தத்தில் காரீயத்தின் அளவைக் குறைத்தது. ஆனால் குழந்தைகளின் அறிவுத்திறனோ நடத்தையோ அதனால் மேம்படவில்லை.

ஆட்டிசத்திற்கு இது ஏன் பொருந்தாது?

தடுப்பூசிகளில் பாதுகாப்புப் பொருளாகச் சேர்க்கப்பட்ட பாதரசச் சேர்மமே ஆட்டிசத்திற்குக் காரணம் என்ற எண்ணத்திலிருந்தே இச்சிகிச்சையின் மீதான நாட்டம் பெரிதும் வளர்ந்தது. அமெரிக்காவில் வழக்கமான குழந்தைத் தடுப்பூசிகளிலிருந்து அச்சேர்மம் 2001-க்குள் ஏறத்தாழ முழுவதும் நீக்கப்பட்டது. அதன் பின்னரும் ஆட்டிசம் கண்டறியப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையவில்லை. 2015-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, கீலேஷனால் ஆட்டிசத்தின் அறிகுறிகள் குறைகின்றன என்பதற்கு உரிய சான்று இல்லை என்று முடித்தது.

"பயனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்று எண்ணுவதற்கும் இடமில்லை. இம்மருந்துகளுக்கு வேண்டாத உலோகம், வேண்டிய உலோகம் என்ற பாகுபாடு முழுமையாகத் தெரியாது. துத்தநாகம், செம்பு முதலிய தேவையான தாதுக்களும் உடன் வெளியேறலாம். வெள்ளணுக்கள் குறைதல், கல்லீரல் நொதிகள் உயர்தல், தோலில் தடிப்பு ஆகியனவும் ஏற்படக்கூடும். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், காரீயம் ஏறிய எலிக்குட்டிகளுக்குச் சக்சிமர் நன்மை செய்தது; காரீயம் இல்லாத எலிக்குட்டிகளுக்கோ கற்றலிலும் நடத்தையிலும் நீடித்த பாதிப்பை உண்டாக்கியது. ஆட்டிசமுள்ள குழந்தைகளிடம் இம்மருந்தைச் சோதிக்க அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் வகுத்திருந்த திட்டம் 2008-இல் கைவிடப்பட்டது.

மருந்தின் பெயரில் உள்ள சிறு வேறுபாடும் உயிரைப் பறிக்கக்கூடும். கால்சியம் சேர்ந்த இ.டி.டி.ஏ. காரீய நச்சுக்கு உரியது. கால்சியம் சேராத டைசோடியம் இ.டி.டி.ஏ. இரத்தத்தில் உள்ள கால்சியத்தையே கவ்விக்கொள்ளும். கால்சியம் சடுதியில் குறைந்தால் இதயம் நின்றுவிடும். 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஆட்டிசமுள்ள ஐந்து வயதுச் சிறுவன் இம்மருந்தை இரத்தநாளத்தில் ஏற்றியபோது உயிரிழந்தான். அதே ஆண்டு டெக்சாஸில் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் இதே மருந்தினால் இறந்தது. அக்குழந்தைக்குக் காரீய நச்சு உண்மையாகவே இருந்தது. மாறிப்போனது மருந்து மட்டுமே.

அச்சுறுத்தும் பரிசோதனை அறிக்கை

சில இடங்களில் முதலில் கீலேஷன் மருந்தைக் கொடுத்து, அதன் பின் சிறுநீரைச் சேகரித்து உலோகங்களை அளக்கின்றனர். அம்மருந்தை உட்கொண்டால் நலமுள்ள எவருடைய சிறுநீரிலும் உலோகம் கூடுதலாகவே வெளியேறும். அதனை மருந்து உட்கொள்ளாதோருக்குரிய அளவுகளோடு ஒப்பிட்டால், அறிக்கை முழுவதும் சிவப்பாகவே இருக்கும். அது நச்சுக்குச் சான்றாகாது. தலைமுடிப் பரிசோதனையும் அவ்வாறே; புறத்தூசியும் தலையில் தடவும் பொருள்களும் முடிவை மாற்றிவிடும்.

காரீயத்தை அறியச் சரியான வழி, கையின் சிரையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் அதன் அளவைக் காண்பதே. இப்பரிசோதனையை நீங்கள் தயங்காமல் கேட்கலாம். மண், சுவர்ச் சுண்ணாம்பு, பொம்மை என்று எல்லாவற்றையும் வாயில் வைக்கும் குழந்தைக்குக் காரீயம் சேரும் வாய்ப்பு உண்மையிலேயே அதிகம். இரும்புச் சத்துக் குறைந்த குழந்தையின் குடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சவும் செய்யும்.

வீட்டிலும் தேடிப் பாருங்கள். உரியும் பழைய பெயின்ட், வீட்டருகே பழைய பேட்டரி உருக்கும் தொழில், சுர்மா வகைக் கண்மை, நிறமூட்டப்பட்ட மஞ்சள்தூள் ஆகியன காரீயத்தின் வாயில்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். அதில் காரீயம் கலந்திருந்தால் புளிப்பு அதனைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். பற்பம், செந்தூரம் முதலிய மருந்துகளில் உலோகமே மூலப்பொருளாகச் சேர்வதுண்டு. அவற்றைக் குழந்தைக்குக் கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

சத்து மருந்துகளுக்கும் வரம்பு உண்டு

சில உணவுகளை மட்டுமே உண்ணும் குழந்தைக்கு இரும்பு, வைட்டமின் டி முதலியவை குறைவது இயல்பு. அக்குறையைப் பரிசோதித்து, எடைக்கேற்ற அளவில், குறித்த காலத்திற்கு மருந்து கொடுப்பது தேவையான சிகிச்சை. குறை உள்ளதா என்று அறியாமலே ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதில்தான் ஆபத்து உள்ளது.

வைட்டமின் டி: ஒரு வயது கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதுமானது. கடைகளில் கிடைக்கும் ஒரு பொட்டலத்தில் 60,000 யூனிட் உள்ளது. அதாவது நூறு நாள் தேவை. வாரம் ஒருமுறை என்று எழுதியதை நாள்தோறும் கொடுத்துவிட்டால் இரத்தத்தில் கால்சியம் உயரும். பசியின்மை, வாந்தி, மலச்சிக்கல், மிகுந்த தாகம் ஆகியன தோன்றும், சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

இரும்பு: தாய்மார் உட்கொள்ளும் பல மாத்திரைகளில் 60 மில்லிகிராம் இரும்பு உள்ளது. 12 கிலோ எடையுள்ள குழந்தை அவற்றில் நான்கினை விழுங்கினாலே நச்சு அறிகுறிகள் தொடங்கக்கூடும். முதலில் வாந்தி எடுத்த குழந்தை சில மணி நேரம் தேறியது போலத் தோன்றி, பின்னர் மோசமடையும். ஆகவே தேறிவிட்டதாக எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

துத்தநாகம்: மிகுதியாக நெடுநாள் கொடுத்தால் செம்பின் அளவு குறைந்து, இரத்தசோகையும் வெள்ளணுக் குறைவும் உண்டாகும்.

வைட்டமின் ஏ: அளவு மீறினால் மூளையைச் சூழ்ந்த அழுத்தம் உயர்ந்து தலைவலியும் வாந்தியும் ஏற்படும்.

வைட்டமின் பி6: மிகுந்த அளவில் நீண்ட காலம் கொடுத்தால் கைகால் நரம்புகள் பழுதுபட்டு மரத்துப்போகும்.

இங்கு ஒன்றை நினைவில் இருத்துங்கள். கால் மரத்துப்போவதையும் தலை வலிப்பதையும் பேசத் தெரிந்த குழந்தை சொல்லிவிடும். பேச்சு வராத குழந்தை அதனை அழுகையாலும், உறக்கமின்மையாலும், தலையை மோதிக்கொள்வதாலும் மட்டுமே தெரிவிக்கும். அதனை "நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று எவரேனும் விளக்கினால் நம்பாதீர்கள். புதிய மருந்து தொடங்கிய பின் குழந்தையின் நடத்தை மாறினால், அதனைப் பக்கவிளைவாகவே முதலில் ஐயுற வேண்டும்.

சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை

1. என் குழந்தையிடம் எந்தப் பரிசோதனையில் எந்தக் குறை அல்லது நச்சு கண்டறியப்பட்டது? மருந்து கொடுப்பதற்கு முன் எடுத்த இரத்தத்தில் அதன் அளவு என்ன?

2. மருந்தின் முழுப் பெயர் என்ன? எடைக்கேற்ற அளவு எவ்வளவு? எத்தனை நாள்?

3. இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், கால்சியம் ஆகியவற்றை எப்போதெல்லாம் பரிசோதிப்பீர்கள்?

4. மருந்து பயனளிக்கிறது என்பதை எதனைக் கொண்டு அறிவோம்? எந்நிலையில் நிறுத்துவோம்?

இந்நான்கிற்கும் எழுத்தில் விடை தர மறுக்கும் இடத்தில் குழந்தைக்கு ஊசியோ சொட்டு மருந்தோ ஏற்ற அனுமதிக்காதீர்கள்.

வேறொரு குழந்தை இச்சிகிச்சையால் பேசத் தொடங்கியதாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஆட்டிசமுள்ள குழந்தைகளும் வளர்கின்றனர். பலர் காலப்போக்கில் புதிய சொற்களைக் கற்கின்றனர். பேச்சுப் பயிற்சியும் பள்ளியும் மருந்தும் ஒரே காலத்தில் நடக்கும்போது, முன்னேற்றத்தின் பெருமையை எளிதில் மருந்துக்கு அளித்துவிடுகிறோம்.

பணமும் உழைப்பும் செலவிடத் தக்க இடங்கள் உள்ளன. பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிச் சிகிச்சையும், பெற்றோர் வீட்டிலேயே நாள்தோறும் தரும் பயிற்சியும் எவ்வளவு விரைவில் தொடங்குகின்றனவோ அவ்வளவு நன்று. அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களிலும் இவ்வுதவிகளைப் பெறலாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, குழந்தைக்குக் கொடுக்கும் எல்லா டானிக், பொடி, மாத்திரை, நாட்டு மருந்து ஆகியவற்றின் புட்டிகளையும் ஒரு பையிலிட்டுக் கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றின் அளவையும் குழந்தையின் எடையோடு கணக்கிட்டு, தொடர வேண்டியவை எவை, நிறுத்த வேண்டியவை எவை என்று உடனிருந்து முடிவு செய்வோம். அதுவரை மாத்திரைகளைக் குழந்தையின் கைக்கெட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள்.