குழப்படி என்று சொல்லுமுன்

அன்புள்ள மகள்,

நாவலடிப் பக்கத்து முன்பள்ளியில் படிப்பிக்கப் போகிறாய். "சின்னப் பிள்ளைதானே, மறந்துபோகும்" என்ற பேச்சை மட்டும் அங்கே நம்பிவிடாதே. மூன்று வயதுக்கு முன் நடந்ததைப் பிள்ளை கதையாகச் சொல்லாது, அது உண்மை. ஆனால் ஐந்து வயதுக்குள் பயங்கரத்தைக் கண்ட 20 பிள்ளைகளை ஆராய்ந்து 1988இல் எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் லெனோர் டெர், வாயால் சொல்லத் தெரியாத பிள்ளைகளும் நடந்ததை விளையாட்டிலும் அச்சத்திலும் காட்டியதைப் பதிவு செய்தார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களின் மனவடு நோய்க்குத் தனி வரையறையே வகுத்தது. ஆகவே கடிக்கிற பிள்ளையை, வந்த பேச்சு நின்றுபோன பிள்ளையை, பொம்மையை ஓயாமல் மண்ணில் புதைக்கிற பிள்ளையைக் குழப்படி என்று ஒதுக்குமுன் பொறுத்துப் பார்.

பிள்ளையைப் பார்ப்பதோடு அதைக் கூட்டிவருகிறவரையும் பார். இரண்டாம் உலகப்போரில் லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா பிராய்டும் டொரத்தி பர்லிங்காமும் கண்டது இதுதான்: தாயோடிருந்த குழந்தையைக் குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிவதே அதிகம் உலுக்கியது, தாய் பதறினால் குழந்தையும் பதறியது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் ஏறியபோது மூன்று வயதாயிருந்தவள் இன்று உன்னிடம் பிள்ளையைக் கொண்டுவரும் தாயாக இருக்கலாம். 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், பிறகு பிறந்த தம்பியோ தங்கச்சியோ வளரலாம். தாய் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போன பிள்ளையும் வரும்.

அப்படியானால் பழி தாய்க்கா? இல்லவே இல்லை. கடனுக்காகப் போனவளை நாம் குற்றஞ்சொல்ல என்ன உரிமை? தாய் அருகில் இல்லாவிட்டாலும் பிள்ளை தேறும்: ருமேனியாவின் அநாதை விடுதிகளிலிருந்து, அதுவும் இரண்டு வயதுக்குள், வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள் விடுதியிலேயே தங்கியவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். மாறாத ஒருவர் வேண்டும்; அது அம்மம்மாவாகவோ உம்மம்மாவாகவோ இருக்கலாம். எல்லாப் பிள்ளையையும் நோயாளியாக்குகிறோமே என்றும் கேட்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடும் என்பது உண்மை. அதனால்தான் நடந்ததைத் துருவிக் கேட்காதே என்கிறேன். நாளும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டு, வாசலில் அதே முகம், கையில் களிமண்ணும் வர்ணமும் போதும். 1996இலிருந்து தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்து நம் மட்டக்களப்பின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா செய்ததும் ஏறக்குறைய அதுவே. பிள்ளையின் இந்த மாற்றங்கள் ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்பு. அதற்கு முன் தாயை இருத்தி, அவள் இரவில் நித்திரை கொள்கிறாளா என்று கேள்.

அன்புடன்,
பெரியம்மா