தொலைக்கணினியுள் நுழையும் முறை

ஐரோப்பிய மாலுமிகள் மாமல்லபுரத்தை 'ஏழு கோயில்கள்' எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். கரையின்னதென்று தெளியக் கடற்கரைக் கோயில் அவர்க்கு அடையாளமாயிற்று. அவ்வூரிலிருந்து கல்லூரியின் யூனிக்ஸ் கணினியுள் நுழைய விழையும் மாணவனுக்கும் அத்தகையதோர் அடையாளம் வேண்டும்.

முன்னர் வழங்கிய டெல்நெட், எஃப்.டி.பி. என்னும் முறைகள் கடவுச்சொல்லை மறைப்பின்றி அனுப்பின. இடைவழியில் ஒற்றுக்கேட்பார்க்கு அஃது எளிதிற் கிட்டியது. ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் இக்களவு நிகழவே, ஆங்கிருந்த டாட்டு யூலோனென் 1995-இல் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை இயற்றினார். இன்று பெரிதும் வழங்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். 1999-இல் வெளிவந்தது.

இம்முறையில் 'எஸ்.எஸ்.எச்-கீஜென்' என்னும் கட்டளை இரு திறவுகோல்களை ஆக்கித் தரும். பொதுத் திறவுகோலைத் தொலைக்கணினியில் நம் கணக்கின்கண் பதித்தல் வேண்டும். மறைத் திறவுகோலோ நம் கணினியை விட்டு நீங்கலாகாது. அதனை மின்னஞ்சலில் நண்பர்க்கு அனுப்புவாரும் உளர். அவர்க்கு யான் யாது சொல்வேன்! திறவுகோலால் நுழைந்து பார்த்த பின்னரே, கடவுச்சொல்லால் நுழையும் வழியை அடைத்தல் வேண்டும். அதுகாறும் முன்னைய இணைப்பை மூடற்க. இல்லையேல் நாமே வெளியில் நிற்போம். கோப்புக்களை அனுப்ப எஸ்.எஃப்.டி.பி. உண்டு, அதுவும் எஸ்.எஸ்.எச்.சுக்குரிய 22-ஆம் வாயில் வழியே செல்லுமாதலின், வேறு வாயில் திறக்க வேண்டுவதில்லை.

முதன்முறை நுழையுங்கால், தொலைக்கணினியின் கைரேகை போன்றதோர் எழுத்துத் தொடரை நம் கணினி காட்டி, 'ஏற்கலாமோ?' என வினவும். பலரும் படியாமலே 'ஆம்' என்பர். இடையில் பிறனொருவன் தன் கணினியை நிறுத்தியிருப்பின், கடவுச்சொல்லும் கோப்பும் அவன் கையிற் சேரும். ஆகலின், யான் அத்தொடரைக் கணினிக்கூடத்து மேற்பார்வையாளரிடம் முன்னரே தாளில் எழுதி வாங்கி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பின்னரே 'ஆம்' என்றேன்.