மறுமுனையில் யார்?

நுழையும்முன்

தொலைபேசி மணி ஒலித்ததும் ஓடிச்சென்று எடுத்த காலம் ஒன்று இருந்தது. பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு, ஊரிலிருந்து வரும் அழைப்பு விருந்தாகவே அமைந்தது. இன்றோ கைப்பேசிக்கு வரும் அழைப்புகளுள் பல முன்பின் அறியாதவர்களுடையவை. அவற்றுள் எது தொல்லை, எது தீங்கு எனப் பகுத்தறிவதும், தீங்கிலிருந்து வீட்டாரைக் காப்பதும் எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தொல்லையும் தீங்கும்

அறியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகளுள் விற்பனை அழைப்பும் உண்டு. மோசடி அழைப்பும் உண்டு. கடன் அட்டை, காப்பீடு, வீட்டுமனை முதலியவற்றைப் பெறுமாறு வேண்டுவது விற்பனை அழைப்பு. அது நேரத்தை வீணாக்கும், பணத்தைத் திருடாது. அழைப்பவரும் பெரும்பாலும் ஊதியத்திற்காக நாள் முழுவதும் பேசும் பணியாளரே. அவரைக் கடிந்து பேசுவதால் பயனில்லை. விளக்கம் கேட்டு நீட்டிப்பதாலும் பயனில்லை. "வேண்டா, நன்றி" என்னும் இரு சொற்களே போதும்.

இத்தகைய அழைப்புகளை விரும்பாதவர் அவற்றைத் தடுத்துக்கொள்ள வழி உண்டு. 1997ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கென விதிகளை வகுத்துள்ளது. அவ்விதிகளின்படி, 1909 என்னும் எண்ணை அழைத்தோ அதற்குக் குறுஞ்செய்தி அனுப்பியோ விருப்பத்தைப் பதிவு செய்யலாம். விளம்பர அழைப்புகள் அனைத்தையும் தடுக்கலாம். வங்கி, வீட்டுமனை, கல்வி, உடல்நலம், சுற்றுலா எனத் துறை பிரித்தும் தடுக்கலாம். பதிவு செய்த பின்னரும் தொல்லை தொடர்ந்தால், அதே எண்ணில் புகார் அளிக்கலாம்.

பதிவு பெற்ற விளம்பர அழைப்புகளுக்கு 140 எனத் தொடங்கும் எண்களும், வங்கிகளும் அரசு அலுவலகங்களும் சேவை தொடர்பாக அழைப்பதற்கு 1600 எனத் தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆயினும், திரையில் தோன்றும் எண்ணை மட்டுமே சான்றாகக் கொள்ளலாகாது. வெளிநாட்டிலிருந்து அழைத்துக்கொண்டே இந்திய எண்ணைத் திரையில் தோன்றச் செய்யும் சூழ்ச்சியும் நடந்ததுண்டு.

மூன்று கருவிகள்

மோசடி செய்வோர் சொல்லும் கதைகள் பல. "இன்றிரவு உங்கள் வீட்டு மின் இணைப்புத் துண்டிக்கப்படும்" என்பார் ஒருவர். "வங்கிக் கணக்கு முடக்கப்படும்" என்பார் மற்றொருவர். "இரண்டு மணி நேரத்தில் உங்கள் கைப்பேசி எண் செயலிழக்கும்" என்பாரும் உண்டு. கதைகள் வேறாயினும் அவர்கள் கையாளும் கருவிகள் மூன்றே. அவை அச்சம், அவசரம், மறைவு என்பன.

அச்சம் அறிவை மயக்குகிறது. அவசரம் சிந்திக்கும் பொழுதைப் பறிக்கிறது. மறைவு, உதவக்கூடிய உறவினரை விலக்கி வைக்கிறது. இம்மூன்றும் ஓர் அழைப்பில் சேர்ந்து வந்தால், பேசுபவர் எப்பதவியைச் சொன்னாலும் அவ்வழைப்பை ஐயுற வேண்டும்.

அச்சத்திற்கு மாறாக ஆசையைக் காட்டுவோரும் உளர். பரிசு விழுந்தது என்றும், செலுத்திய பணம் திரும்ப வருகிறது என்றும் கூறி, யு.பி.ஐ. மறைவெண்ணைப் பதியச் சொல்வர். அந்த மறைவெண் பணம் அனுப்புவதற்கே தேவைப்படும். பணம் பெறுவதற்குத் தேவைப்படாது. இந்த ஓர் உண்மையை அறிந்தவரிடம் அச்சூழ்ச்சி செல்லாது.

ஓர் எடுத்துக்காட்டு

இம்மூன்று கருவிகளும் ஒரு வீட்டினுள் எவ்வாறு நுழைகின்றன என்பதைப் பின்வரும் நிகழ்ச்சி காட்டும்.

தில்லியில் ஒரு தமிழ்க் குடும்பம். பெற்றோர் இருவரும் பணிக்குச் சென்றுவிட்டனர். தஞ்சையிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பாயிக்கு இந்தி தெரியாது. அவருடைய கைப்பேசி ஒலிக்க, எட்டாம் வகுப்பில் பயிலும் பெயர்த்தி எடுத்துப் பேசுகிறாள். மறுமுனையில் இருப்பவர் தம்மைக் காவல் அதிகாரி எனக் கூறிக்கொண்டு இந்தியில் விரைந்து பேசுகிறார். அதைக் கேட்கக் கேட்கப் பெயர்த்தியின் முகம் வெளுக்கிறது. அப்பாயி அஞ்சுவாரே என்று எண்ணி, அவரிடம் சொல்லாமலே சமாளிக்க முயல்கிறாள். ஆனால் அப்பாயி அவள் முகத்தைப் பார்த்துவிடுகிறார்.

"என்ன கண்ணு, யார் பேசுவது?"

"போலீஸ் என்கிறார், அப்பாயி. உங்கள் பேரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். விசாரணை முடியும்வரை போனை வைக்கக் கூடாதாம்."

"இன்னும் என்ன சொல்கிறான்? ஒன்றுவிடாமல் சொல்."

"பேங்கில் இருக்கும் பணத்தை எல்லாம் அவர்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்ப வேண்டுமாம். சோதித்துவிட்டுத் திருப்பித் தருவார்களாம். அப்பாவிடம் சொன்னால் அப்பாவையும் கைது செய்வார்களாம்."

அதுவரை கலக்கத்துடன் கேட்ட அப்பாயி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெற்ற பிள்ளையிடம் சொல்லாதே என்பவன் போலீஸாக இருக்க மாட்டான். எந்த ஸ்டேஷன் என்று கேள். உன் அப்பா வந்ததும் நேரில் வந்து பார்ப்பார் என்று சொல்."

பெயர்த்தி அவ்வாறே கேட்டாள். மறுமுனையிலிருந்து காவல் நிலையத்தின் பெயர் வரவில்லை, வசைமொழியே வந்தது. அவள் அழைப்பைத் துண்டித்தாள். மீண்டும் இருமுறை மணி ஒலித்தது. இருவரும் எடுக்கவில்லை. பிறகு அவள் தன் தந்தையை அழைத்து நடந்ததைக் கூறினாள்.

இந்தி அறிந்தவள் பெயர்த்தி. மனிதரை அறிந்தவர் அப்பாயி. பெயர்த்தி மறைத்திருந்தால் அப்பாயியின் அறிவு பயன்பட்டிராது. பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பலர், வீட்டு மூத்தோருக்கு மொழிபெயர்ப்பாளராக விளங்குகின்றனர். மொழிபெயர்ப்பவர் கேட்டது அனைத்தையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். முடிவைத் தாமே சுமக்க வேண்டியதில்லை; அதைப் பெரியவர்களுடன் கலந்தே எடுக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மோசடி செய்வோர் தமிழிலும் பேசுவர். "நானும் உங்கள் ஊர்க்காரன்தான்" என்று உறவு கொண்டாடுவர். அயலூரில் தாய்மொழியைக் கேட்டதும் மனம் நெகிழ்வது இயல்பே. ஆனால் மொழி ஒருவருடைய நேர்மைக்குப் பிணையாகாது.

சட்டம் சொல்வது

மேலே கண்ட சூழ்ச்சியை 'டிஜிட்டல் கைது' என அழைக்கின்றனர். காணொலி அழைப்பில் சீருடை அணிந்தவர் தோன்றுவார். பின்புறம் காவல் நிலையம் போலவே காட்சியளிக்கும். ஆனால் இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது முறை இல்லை. காவல்துறையோ நீதிமன்றமோ தொலைபேசி வழியாகக் கைது செய்வதுமில்லை, பணம் கேட்பதுமில்லை. 2024 அக்டோபரில், பிரதமர் தமது வானொலி உரையில் இதனை விளக்கி, நில், சிந்தி, செயல்படு என்னும் மூன்று படிகளை எடுத்துரைத்தார்.

பின்வருவன எவ்வழைப்பிற்கும் பொருந்தும் விதிகளாகும்.

1. வங்கிப் பணியாளர் எவரும் மறைவெண்ணையோ, ஒருமுறைக் கடவுச்சொல்லாகிய ஓ.டி.பி.யையோ கேட்பதில்லை. கேட்பவர் வங்கிப் பணியாளர் அல்லர்.
2. அழைத்தவர் சொல்லும் செயலியைக் கைப்பேசியில் நிறுவலாகாது. சில செயலிகள் வழியே அவர் இத்திரையைத் தம் இடத்திலிருந்தே காண இயலும்.
3. 401 என்னும் எண்ணை நட்சத்திரக் குறியுடன் சேர்த்து அழுத்துமாறு கூறினால் மறுக்க வேண்டும். அத்தகைய குறியீடுகளை அழுத்தினால், நமக்கு வரும் அழைப்புகள் வேறொருவர் எண்ணுக்குத் திரும்பிவிடக்கூடும்.
4. செய்தி உண்மையோ என ஐயம் எழுந்தால், அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறத்திலோ மின்கட்டணச் சீட்டிலோ அச்சிடப்பட்ட எண்ணை அழைத்துக் கேட்க வேண்டும். அழைத்தவர் தரும் எண்ணை நம்பலாகாது.

பணம் இழந்தால்

எவ்வளவு விழிப்புடன் இருப்பினும் சிலர் ஏமாறுவதுண்டு. அப்போது ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. இழந்த பணம் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்கு விரைந்து மாற்றப்படும். அதற்குள் தடுத்தால் மீட்க வழியுண்டு. ஆகவே 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். பணம் இழக்கவில்லை எனினும், ஐயத்திற்குரிய அழைப்பைப் பற்றித் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்திலுள்ள 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம்.

வங்கிக்கும் உடனே அறிவிக்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையின்படி, வாடிக்கையாளர் தாமே கடவுச்சொல்லைக் கூறி ஏமாந்திருந்தால், அறிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு அவரைச் சாரும். அறிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். தாமதத்தின் விலை இதனால் விளங்கும்.

ஆனால் பலர் தாமதிக்கின்றனர். அதற்குக் காரணம் அறியாமையன்று, நாணமே. "இவ்வளவு வயதாகியும் ஏமாந்துவிட்டேனே, பிள்ளைகள் என்ன சொல்வார்கள்?" என்று மூத்தோர் மனத்துள் புழுங்குகின்றனர். படித்தவரும் பதவியில் இருந்தவரும் ஏமாந்திருக்கின்றனர் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். குற்றம் திருடியவனுடையது, திருட்டுக் கொடுத்தவருடையதன்று. "ஏன் எடுத்தீர்கள்? ஏன் பேசினீர்கள்?" என்று கடிந்துகொள்ளும் வீட்டில் அடுத்த அழைப்பும் மறைக்கப்படும். "நல்லவேளை, சொன்னீர்கள்" என்று தொடங்கும் வீட்டில் 1930க்கு அழைப்பு உடனே செல்லும்.

சொல்லும் பொருளும்

அப்பாயி – தந்தையின் தாய் (திருச்சி, தஞ்சைப் பகுதி வழக்கு)
பெயர்த்தி – பேத்தி
ஐயுறுதல் – சந்தேகித்தல்
பிணை – உறுதி, ஜாமீன்
வசைமொழி – திட்டும் சொல்
மறைவெண் – பின் எண்
காணொலி – வீடியோ

பயிற்சி

அ. ஓரிரு வரிகளில் விடை எழுதுக.
1. விளம்பர அழைப்புகளைத் தடுக்க எந்த எண்ணில் பதிவு செய்யலாம்?
2. மோசடி செய்வோர் கையாளும் மூன்று கருவிகள் யாவை?
3. அழைத்தவர் காவல் அதிகாரி அல்லர் என்பதை அப்பாயி எதனால் உணர்ந்தார்?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. "மொழி ஒருவருடைய நேர்மைக்குப் பிணையாகாது" என்பதை விளக்குக.
2. ஏமாந்தவரைக் கடிந்துகொள்வதால் விளையும் தீங்கு யாது?

இ. மொழிப் பயிற்சி
கட்டளை வாக்கியம், வினா வாக்கியம், செய்தி வாக்கியம் என வகைப்படுத்துக.
1. போனை வைக்காதே.
2. நீங்கள் எந்தக் காவல் நிலையத்திலிருந்து பேசுகிறீர்கள்?
3. பணத்தை உடனே அனுப்பு.
4. தந்தை மாலையில் நேரில் வருவார்.
மோசடி செய்பவர் பேச்சில் எவ்வகை வாக்கியம் மிகுதியாக வரும்? அவரை எவ்வகை வாக்கியம் தடுமாறச் செய்யும்? காரணம் கூறுக.

ஈ. செயல்பாடு
1909, 1930 ஆகிய எண்களையும் அவற்றின் பயனையும் தமிழிலும், வாழும் மாநிலத்தின் மொழியிலும் ஓர் அட்டையில் எழுதுக. அதனை வீட்டு மூத்தோரின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி, அவர்களுக்குப் படித்துக் காட்டுக. அவர்களுக்கு வந்த ஐயத்திற்குரிய அழைப்பு ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.