எழுதும் முன் வாசிக்கட்டும்

கேள்வி: வகுப்பில் நடத்தும் புரோகிராம் ஐ.டி. மாணவர்களுக்குப் புரிகிறது. சொந்தமாக எழுதச் சொன்னால் திணறுகிறார்கள். என்ன செய்யலாம்?
– கல்லூரி விரிவுரையாளர், கோவை

பதில்: கவலை வேண்டாம், இது உலகளாவிய சிக்கல். 2001இல் ஆய்வாளர் மைக்கேல் மெக்கிராக்கன் குழு நான்கு பல்கலைக்கழகங்களின் 216 மாணவர்களைப் புரோகிராம் எழுதச் சொல்லிச் சோதித்தது. 110க்கு அவர்கள் எடுத்த சராசரி 23ஐக்கூடத் தொடவில்லை.

முதலில் வாசிக்கப் பழக்குங்கள். பைத்தானில் ‘ரேஞ்ச்(1, 5)’ என்று ஒரு லூப்பைப் பலகையில் எழுதி, கணினியில் ஓட்டும் முன்பே விடையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். 5 வரை எழுதியவர்கள், திரையில் அது 4உடன் நிற்பதைக் கண்டால் மறக்கவே மாட்டார்கள்.

அடுத்து, நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் 2006இல் அறிமுகப்படுத்திய புதிர்முறை. சரியான புரோகிராமின் வரிகளைத் தனித்தனியாக வெட்டிக் கலைத்துக் கொடுங்கள். இருவர் இருவராக வரிசைப்படுத்தட்டும்.

வெற்றுத் திரை அதன் பிறகு போதும்.